வேலிக்கு உள்ளே

உபதேசியார் எனக்காகச் சொன்ன பொய் அவர் பாவமா, என் பாவமா?

பங்குச் சுவாமி வராத நாட்களில் எங்கள் சிறு தீவுக்கு வள்ளத்தில் வந்து ஜெபம் சொல்பவர் அவர். மெலிந்தவர். நனையாதிருக்க ஜெபப்புத்தகத்தைத் தலைப்பாகைக்குள் கட்டிக்கொண்டு கரையிறங்குவார்.

என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, "மகள், சுவாமி வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. நான் ஞானஸ்நானத் தண்ணி ஊத்திவிடுறன்" என்றார். கடலுக்குப் போன கணவர் வரட்டும் என்று மறுத்தேன். அன்று மாலையே பிள்ளை இறந்துவிட்டாள்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளைச் சேமக்காலை எனும் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். மறுநாள் வந்த சுவாமி, "தண்ணி ஊத்தினீங்களோ?" என்று கேட்டார்.

உபதேசியார் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் சுவாமி, ஊத்தினனான்."

வேலிக்கு உள்ளே அடக்கம் செய்தோம்.

இப்போது ஜெயபுரத்தில் அகதிகளாக இருக்கிறோம். "அந்த மனுசனாலதான் பிள்ளை மோட்சத்தில இருக்கிறாள்" என்று கணவர் அடிக்கடி சொல்லி ஆறுகிறார். அவரிடம் உண்மையைச் சொல்லவா, விடவா? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.