தட்டினால் பதில் சொல்ல வேண்டும்

ஐரோப்பாவின் பழைய துறவி மடங்களில் வாசல்காப்போனுக்கென்று ஒரு விதி இருந்தது. கதவைத் தட்டியவரைக் காக்க வைக்கக் கூடாது. அரசன் தட்டினாலும் சரி, பிச்சைக்காரன் தட்டினாலும் சரி. உள்ளே விடுவதா இல்லையா என்பது பிறகு. முதலில் பதில். அதுவும் உடனே.

‘உடனே’ என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. கொழும்பில் ஒரு திணைக்களம், சிட்னியில் ஒரு திணைக்களம் என்று இரண்டு நாட்டு ஃபைல்களோடும் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ‘உடனடி’ என்று முத்திரை குத்திய ஃபைல் எங்கே கிடக்கும் தெரியுமா? அடியில். அது முதலில் வந்ததல்லவா, மற்றதெல்லாம் அதற்கு மேலே வந்து விழும்.

போன ஜூலையில் சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் முதியோர் ஒன்றுகூடல். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏதாவது பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். முந்திய வாரம் சீனி வியாதி. அதற்கு முந்திய வாரமும் சீனி வியாதி. ஆகவே, லண்டனில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது பார்த்த ஒரு பழைய மடத்தின் பண்ணையையும் வாசல் மாளிகையையும் பற்றி ஸ்லைட் போட்டுப் பேசுகிறேன் என்றேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. பேச்சுக்குப் பிறகு வடை இருந்தது.

சிவநேசன்தான் புரொஜெக்டரைப் பொருத்தித் தந்தார். எங்களை வீடு வீடாக ஏற்றி இறக்கும் வான் வண்டியை ஓட்டுபவர். நாற்பது வயதிருக்கும். படகில் வந்து, முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டவர். அந்த விசாவில் வேலை செய்யலாம். வரி கட்டலாம். மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் முடியாது. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்காக இருந்தார்.

நான் பண்ணையில் தொடங்கினேன். ‘கிரேஞ்ச்’ என்பார்கள். மடத்தின் நிலமெல்லாம் மடத்தடியில் இருக்காது. தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே ஒரு களஞ்சியம், மாட்டுத் தொழுவம், தங்க ஓர் இடம், சுற்றி மதில். ஒரு நாள் நடைக்குள் மடத்துக்குத் திரும்பக்கூடிய தூரத்தில்தான் அது இருக்க வேண்டும் என்று ஆரம்ப காலத்தில் கட்டளை. பாட்டும் வாசிப்பும் படித்த துறவிகளுக்கு. உழவும் ஆடும் எழுத்தறியாத சகோதரர்களுக்கு. ஒரே மடம், ஒரே கடவுள்... ஆனால் கோயிலுக்குள் உட்காரும் இடம் மட்டும் வேறு. தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அடுத்த ஸ்லைட் களஞ்சியத்தின் உட்புறம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பெரிய மரத்தூண்கள். நடுவில் அகன்ற வழி, ஓரங்களில் ஒடுங்கிய வழி. மேலே கவிழ்த்து வைத்த கப்பல் போலக் கூரை. எங்கள் டேவிட் கையைத் தூக்கினார். மலேசியாக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார்.

“என்னா சார், சர்ச் மாதிரியே இருக்கு. பீடம் எங்க?”

“இது கோதுமை வைக்கிற இடம், டேவிட்.”

“அப்போ வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கெடக்கே... அது கோதுமையோடதா?”

மண்டபம் சிரித்தது. என் மனைவி தவமணி பின்வரிசையில் எழும்பினாள். “என்ரைதான். கோயில் எண்டு நினைச்சுக் கழட்டினனான். இந்த மனிசன் ஒரு சொல்லுச் சொன்னவரே? படம் எடுத்துக்கொண்டு நிண்டவர்!”

சிரிப்பு அடங்கியதும் மடத்தின் வாசல் மாளிகையைப் போட்டேன். ஆங்கிலத்தில் கேற்ஹவுஸ். கோபுரம் மாதிரித்தான், ஆனால் சாமி இல்லாத கோபுரம். கீழே இரண்டு வளைவு. பெரியது வண்டிக்கு, சிறியது ஆளுக்கு. உள்ளே நுழைந்து அண்ணாந்தால் கல் விலா எலும்புகள் குறுக்கும் மறுக்கும் ஓடி நடுவில் ஒரு பூவில் முடியும். மேல்மாடியில் வழக்கு விசாரிக்கும் அறை. வலது பக்கம் வாசல்காப்போனின் அறை, அதில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகத்தான் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார்கள். ஜன்னலின் கீழ்க்கல் நடுவில் குழிந்து போயிருக்கிறது. கைகள் பட்டுப் பட்டு.

“இப்போது மேலே பாருங்கள்” என்றேன். மேலே போர்க்கோட்டை போலப் பல் பல்லாக மதில். அதற்குக் கீழே அம்பு விடும் பிளவுகள். முதலில் கட்டியவர்கள் இதை வைக்கவில்லை. நாட்டில் கலகம் கூடிய காலத்தில், பின்னால் வந்தவர்கள் அரசனிடம் லைசென்ஸ் வாங்கி வைத்தார்கள். ஆம், மதிலுக்குப் பல் வைக்கவும் அப்போதே லைசென்ஸ் வேண்டும்! ஒரே வாசல். கீழே ரொட்டி, மேலே அம்பு.

பிறகு ஓர் அரசனுக்குப் பாப்பரசரோடு கோபம் வந்தது. மடங்கள் கலைக்கப்பட்டன. கூரையின் ஈயத்தை உருக்கினார்கள். கல்லை வண்டி வண்டியாக ஊருக்குள் கொண்டு போனார்கள். வாசல் மாளிகை மட்டும் தப்பியது. ஒரு விவசாயிக்கு வைக்கோல் போட வசதியாக இருந்ததாம். துறவிகள் இல்லை, மடம் இல்லை, பாட்டு இல்லை. வாசல் நிற்கிறது. எந்த நிறுவனத்திலும் கடைசியில் மிஞ்சுவது வாசல்தான் என்று சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கண்கள் வடைப் பக்கம் இருந்தன.

ஒரே ஒரு கேள்வி. கேட்டவர் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற சிவநேசன்.

“அங்கிள், அந்த வாசலிலை வந்து தட்டினவனை எவ்வளவு நேரம் வெளியிலை நிப்பாட்டி வைப்பினம்?”

விதியைச் சொன்னேன்.

“உள்ளுக்கு விடாட்டியும் சொல்லவேணுமோ?”

“ஓம் தம்பி. இல்லையெண்டாலும் அதை உடனை சொல்லவேணும்.”

“நல்ல விதி” என்றார். புரொஜெக்டரை அணைத்தார்.

அன்று வான் வண்டியில் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும்போதுதான் கதை முழுதாக வந்தது. மனைவி வசந்தியும் மகளும் வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இருந்தவர்கள். போர் நிறுத்தம் வந்ததும் முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். கடற்கரையில் வசந்தியின் சீதன வீடு இருந்தது. சண்டைக் காலத்தில் கதவு, யன்னல், நிலை எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போன வீடு.

“ஒஸ்ரேலியாவுக்கு வரப் போற ஆளுக்கு அந்த வீடு ஏன் தம்பி?” என்று கேட்டேன்.

“சீதன வீடு சும்மா கிடந்தா ஆரும் வந்து இருந்திடுவினம் அங்கிள். பிறகு எழுப்பேலாது. மகளுக்கும் அதைத்தானே குடுக்கவேணும். விசா வருமட்டும் நான் இருந்து பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா.”

தவமணி பின்சீட்டிலிருந்து சொன்னாள்: “சரியாத்தான் செய்திருக்கிறா. நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்.” எங்கள் பெண்கள் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் தன் பெயரில் இருக்கும் வீட்டுக்கு அவள் இன்றைக்கும் ஆள் வைத்துக் கூட்டுவிக்கிறாள். நாங்கள் இனிப் போகப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு வேலை வந்தது. ஒரு ஃபைல் எப்படித் தூங்கும், யார் மேசையில் தூங்கும், எந்தச் சொல்லைக் கேட்டால் கண் விழிக்கும் – இதெல்லாம் எனக்குத் தெரியாதா? குடிவரவுத் திணைக்களத்துக்கு நினைவூட்டல் கடிதம் எழுதினேன். முந்திய கடிதத்தைக் குறிப்பிட்டு அடுத்தது. அதைக் குறிப்பிட்டு மேலதிகாரிக்கு இன்னொன்று. எம்.பி.யின் அலுவலகத்துக்குப் பிரதி. கோபம் கிடையாது, கெஞ்சல் கிடையாது, தெளிவான ஆங்கிலம். நான் பதவியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் எழுந்து நின்று வாசித்திருப்பேன்.

கடிதம் கிடைத்தது, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரிகள். கையெழுத்து மட்டும் மாறியது. டெலிபோன் எடுத்தால் வயலின். நடுநடுவே ஒரு பெண், எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்றாள்.

“நீங்கள் எழுதுறது அவங்கள் வாசிக்கவோ, உங்கடை கை அரிப்புக்கோ?” என்றாள் தவமணி.

நவம்பரில் ஒருநாள் சிவநேசன் சந்தோஷமாக வந்தார். விசா வந்துவிட்டதோ என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். விசா இல்லை. வசந்தி டவுனுக்குப் போய் போன் எடுத்திருக்கிறாள். புது நிலை வைத்துக் கதவு போட்டாகிவிட்டதாம். நல்ல பாலை மரம்.

“இனிப் பயமில்லை, பூட்டிப்போட்டுப் படுக்கலாம் எண்டு சொல்லுறா அங்கிள்.”

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் கடல் செய்ததை நான் எழுதத் தேவையில்லை. அந்தப் பின்னேரம் டிவிக்கு முன்னால் நீங்களும்தான் இருந்தீர்கள். சிவநேசன் எங்கள் வீட்டில் இருந்தார். வசந்தி போன் எடுக்கும் டவுன் கடை நம்பரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மணி கூட அடிக்கவில்லை.

வசந்தியின் தமையனிடமிருந்து ஒரு சில நாட்களில் போன் வந்தது. வசந்தியின் உடலைக் கண்டெடுத்துவிட்டார்கள். பிள்ளையைக் காணவில்லை. வீட்டடியில் ஒன்றுமில்லை, வாசல் நிலை மட்டும் நிற்கிறது என்று சொன்னாராம்.

சிவநேசன் மூன்று பேரோடு பகிர்ந்து இருக்கும் வென்ட்வேர்த்வில் வீட்டுக்குப் போனோம். டேவிட்டும் வந்தார். சுவரில் சாத்திய ஒரு மெத்தை, தரையில் வசந்தியின் படம், ஒரு விளக்கு. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. ஆகவே அவர் போகவில்லை. போயும் யாருக்குக் கொள்ளி வைப்பது? வசந்தியை அதற்குள் அடக்கம் செய்திருந்தார்கள்.

சாவீட்டில் என்ன பேசுவது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. தெரிந்ததைப் பேசினேன். நடைமுறையைப் பேசினேன்.

“தம்பி, பதில் முந்தியே வந்திருந்தாலும் டிசம்பருக்குள்ளை அவையள் இஞ்சை வந்திருக்கேலாது. அதுக்கு வேறை விண்ணப்பம். குறைஞ்சது இன்னும் ஒரு வருசம் எடுத்திருக்கும்.”

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். கணக்கும் சரிதான்.

“ஓம் அங்கிள். தெரியும்” என்றார் சிவநேசன். பிறகு, குரலை உயர்த்தாமல்: “ஆனா மெடிக்கல், இன்ரவியூ எண்டு கொழும்பிலை அறை எடுத்து ரெண்டு பேரையும் இருத்தியிருப்பன். அப்ப வீட்டைப் பூட்டிப்போட்டு வந்திருப்பா. கதவுதான் போட்டாச்சே.”

டேவிட் என் கையைப் பிடித்தார்.

இந்த மாதம் ஒரு கடித உறையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரிக்கவில்லை. “நீங்களே பாருங்கோ” என்று மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் உட்காராமல் நின்றார். பிரித்தேன். நிரந்தர விசா வழங்கப்பட்டிருக்கிறது. வாழ்த்துகள். இனி நீங்கள் உங்கள் மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைக்க விண்ணப்பிக்கலாம். அதற்கான படிவம் உள்ளே இருக்கிறது.

இருந்தது. புதுப் படிவம், மடிப்புக் கலையாமல். என் கண் பழைய பழக்கத்தில் கடிதத்தின் வலது மேல் மூலைக்குப் போனது. கடிதம் எழுதப்பட்டதும் எங்கள் கைக்கு வந்ததும் ஒரே வாரத்தில்தான். தபால்காரரில் குற்றமில்லை.

பதில் வந்த திகதி: 2005 ஜனவரி 11, செவ்வாய்க்கிழமை.