சுகாதாரச் சின்னத்துக்கு ஆறு பேர்

அம்பிட்டியவுக்கு மேலே, கைவிட்டுப்போன தேயிலைத் துண்டு ஒன்றில் வருசா வருசம் சாரணர் விடுமுறை முகாம் நடக்கும். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு விசில் ஊதினால் போதும், இருநூறு பிள்ளைகளும் வரிசையாகப் போட்டிருக்கும் மேசைகளை நோக்கிப் பாய்வார்கள். மேசைக்கு ஒரு வகுப்பு. நீச்சல், சமையல், புகைப்படம், வில்வித்தை, முதலுதவி என்று பிடித்ததில் பெயர் எழுதி, ஐந்து நாள் முகாமில் படித்து, சோதனையில் தேறினால் சட்டைக் கையில் தைத்துக்கொள்ள ஒரு சின்னம் கிடைக்கும். பத்து மணிக்கு மறுபடியும் விசில். அதற்குள் ஆறு பெயர் சேராத வகுப்பு அந்த வருசம் நடக்காது.

கடைசி மேசை ரவிகுமாருடையது. அது மலசலகூடத்துக்குப் போகிற வழியில் போடப்பட்டிருந்தது. ஏன் அங்கே என்று முகாம் தலைவர் ராஜலிங்கம் சேர் சொல்லவில்லை, ரவிகுமாரும் கேட்கவில்லை. மேசைமேல் 'பொதுச் சுகாதாரம்' என்று ஓர் அட்டை, ஓர் ஈயின் பெரிய படம், ஜாம் போத்தலுக்குள் நெளிகிற நுளம்புக் குடம்பிகள், கொசுவாகப் போகிற புழுக்கள். பக்கத்து மேசையில் சமையல் வகுப்பு ஜஹானா டீச்சர் வட்டிலப்பத்தைத் துண்டு போட்டுப் பிள்ளைகளுக்கு ருசி காட்டிக்கொண்டிருந்தார். வட்டிலப்பத்துக்கும் நுளம்புக் குடம்பிக்கும் நடுவில் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

போன வருசமும் அதற்கு முந்திய வருசமும் வகுப்பு நடக்கவில்லை. இந்த முறையும் ஆறு பேர் சேராவிட்டால் மேசையையே எடுத்துவிடப் போவதாக ராஜலிங்கம் சேர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஓய்வுபெற்ற உப அதிபர் அவர். கெட்ட செய்தியைக்கூடப் பரிசளிப்பு விழாவில் பேசுகிற குரலில்தான் சொல்வார்.

ரவிகுமாருக்கு நாற்பத்திரண்டு வயது. மடவளைப் பக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனங்களின் வாயில் பீ.எச்.ஐ. ஹோட்டல் குசினிக்குள் நுழைந்து சட்டி மூடியைத் திறப்பது, பேக்கரிக் கூரையை அண்ணாந்து பார்ப்பது, வீட்டுக் கொல்லையில் கிடக்கும் சிரட்டையில் தண்ணீர் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பது, இதுதான் பிழைப்பு. அவர் ஒரு தெருவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் தெரு முழுவதும் தொலைபேசியில் பேச ஆரம்பித்துவிடும். கடைக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக உட்காரக் கதிரை போடுவார்கள், மனதுக்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார்கள். பரிசோதிக்கிற கடையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அவர் ஒரு பிடிவாதம் வைத்திருந்தார். அதனால் ஒன்பது வருசமாக மடவளையிலிருந்து நாக்கு வறண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

பிறந்தது ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். உத்தியோகம் கிடைத்தபோது மகன் டொக்டர் மாதிரி என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கக்கூஸ் டொக்டர் என்று அப்பா திருத்தினார். அந்தப் பெயர் லயத்தில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த மேசைமேல் அவருக்கு ஏன் இத்தனை பிடிப்பு என்பதற்கும் ஒரு கதை உண்டு. பதினாலு வயதில் இதே மாதிரி ஒரு முகாமுக்கு அவரும் வந்திருந்தார். நீச்சலுக்குப் போகக் காற்சட்டை வேண்டும், புகைப்படத்துக்குக் கமரா வேண்டும், சமையலுக்கு அரிசியும் தேங்காயும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லாத ஒரே மேசை சுகாதாரம். அந்த வருசம் அதில் படித்தது அவர் ஒருவர்தான். அப்போது ஆறு பேர் சட்டமெல்லாம் இல்லை. அந்தச் சின்னம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் கொழும்பில் ஏதோ ஒரு கடையில் மூடை தூக்கிக்கொண்டிருப்பேன் என்று ரவிகுமார் மனதார நம்பினார். கையில் ஒன்றும் இல்லாமல் வருகிற பிள்ளைக்கு ஒரு மேசையாவது இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு, ஈக்களைப் பற்றியே பேசினார்.

ஒன்பதே முக்கால் ஆனது. ஒரு பையன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். ரவிகுமார் பேனையை நீட்டினார். பையன் கால்களைப் பின்னிக்கொண்டு, கக்கூஸ் வரிசை இதுதானா என்று கேட்டான்.

விசிலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அந்த ஏழு பேரும் வந்தார்கள். கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள். பதின்மூன்று வயது ருஷ்தி முன்னால் வர, மற்றவர்கள் வரிசை குலையாமல் பின்னால் வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பெயர் எழுதினார்கள். குடம்பிப் போத்தலைக் குனிந்து பார்த்து, நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னார்கள். ரவிகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். உடனே மனைவி சர்மிளாவுக்கு அழைத்தார்.

"ஏழு பேரா? நல்லாப் பாருங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்," என்றாள்.

அவள் வாயில் நல்ல வார்த்தையே வராது என்று அவர் அழைப்பைத் துண்டித்தார்.

அன்று பின்னேரம் பிள்ளைகளுக்கு முகாமைச் சுற்றிக் காட்டினார். மலைச்சரிவிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடத்தில் ருஷ்தி நின்று, இது என்ன என்று கேட்டான். நகரத்துப் பிள்ளை, பீலியைக் கண்டதில்லை. ரவிகுமாருக்குப் பெருமை தாங்கவில்லை. மேலே ஊற்று இருக்கிறது, அதிலிருந்து குழாய் வைத்து இறக்கினால் பீலி, தோட்டத்தில் பிறந்தவன் எல்லாம் இதைக் குடித்துத்தான் வளர்ந்தான் என்று அரை மணி நேரம் விளக்கினார். குனிந்து இரண்டு கை அள்ளிக் குடித்தும் காட்டினார். ருஷ்தி கொப்பியில் எழுதிக்கொண்டான்.

இரண்டாம் நாள் வகுப்பு ஈயில் தொடங்கியது. ஏழு பேரும் தலை நிமிராமல் எழுதினார்கள். இருபது வருச உத்தியோகத்தில் எத்தனையோ பாடசாலைகளில் பேசியிருந்தும் இப்படி ஒரு வகுப்பை அவர் கண்டதில்லை. பிறகு கேள்விகள் வந்தன. பீ.எச்.ஐ. எந்தக் கிழமையில் வருவார்? குளிர்சாதனப் பெட்டியை நகர்த்திப் பின்னால் பார்ப்பாரா, முன்னால் மட்டுமா? முன்கூட்டியே சொல்லாமல் வருவது சட்டமா, அல்லது அவருடைய பழக்கமா?

ருஷ்தி கையைத் தூக்கினான்.

"சேர், பூனை மாவு மூடை மேல படுத்தீந்தா, ஒவ்வொரு முறையும் கேஸ் தானா?"

ரவிகுமார் வெண்கட்டியைக் கீழே வைத்தார். மடவளையில் ஒரு ஹோட்டல், மாவு மூடைமேல் நிம்மதியாக உறங்கிய ஒரு மஞ்சள் பூனை, இரண்டு நாள் சீல். உரிமையாளர் மஹ்ரூப். பையனின் மூக்கும் அதே மூக்கு. ஒவ்வொருவராக வாப்பா என்ன செய்கிறார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். ஹோட்டல், பேக்கரி, இறைச்சிக்கடை, சைவக்கடை, ஐஸ்கிரீம் வண்டி, மறுபடி பேக்கரி, மறுபடி ஹோட்டல். படிப்பு கண்டியில், கடைகள் எல்லாம் மடவளையில். ஏழு பேரில் நாலு பேரின் தகப்பன்மாருக்கு அவரே நோட்டீஸ் ஒட்டியிருந்தார். வீட்டில் கூடிப் பேசி, அந்தாள் எதைப் பார்க்கிறான் என்று படித்துக்கொண்டு வா என்று அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு மனசு விட்டுப்போனது. சுகாதாரத்தை விரும்பி உலகத்தில் ஒரு பிள்ளைகூட வராதா என்று அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடலாம். கிழித்தால் மேசை போய்விடும். கடைசியில் கோபமே அவருக்குக் கைகொடுத்தது. ஒற்று வேலைக்கா வந்தீர்கள், சரி, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன், வீட்டுக்குப் போய் உங்கள் தகப்பன்மாரை ஒரு வழி பண்ணுங்கள் என்று முடிவு செய்தார். அன்று பின்னேரமும் மறுநாளும் தொண்டை கட்டும்வரை கற்பித்தார். கழிவுக்குழி குடிதண்ணீருக்கு முப்பது மீற்றருக்குள் இருக்கக் கூடாது என்பதை மட்டும் பத்துத் தடவை சொல்லியிருப்பார். யார் வீடு, யார் கடை என்று முகம் பார்க்கக் கூடாது என்பதையும் சொன்னார்.

நாலாம் நாள் சோதனை. ஓர் இடத்தைப் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும், குறை கண்டால் மூடும்படி நோட்டீஸ் தயாரிக்க வேண்டும். ஜஹானா டீச்சரின் குசினிக்குப் போவார்கள் என்று ரவிகுமார் ஆசையோடு காத்திருந்தார். வட்டிலப்பம் கொடுத்துப் பிள்ளை பிடித்ததை அவர் மறக்கவில்லை. ஏழு பேரும் குசினியைத் தாண்டி, அளவு நாடாவோடு மலசலகூடத்துப் பக்கம் போனார்கள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. முகாமின் சுகாதாரப் பொறுப்பாளர் என்ற முறையில் அந்தக் குழிக்கு இடம் பார்த்ததே அவர்தான். கீழே ஓடும் ஆற்றிலிருந்து முப்பத்தெட்டு மீற்றர். தானே அளந்தது.

அரை மணி நேரத்தில் ருஷ்தி தாளோடு வந்தான். நிறுத்தாமல் வாசித்தான். குழி மேட்டில் இருக்கிறது, பீலியின் ஊற்று அதற்குக் கீழே இருக்கிறது, நடுவில் பதினேழு மீற்றர்தான். பீலியில் பிள்ளைகள் பல் துலக்குகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். ஆகையால் மலசலகூடம் மூடப்பட வேண்டும்.

"நீங்க ஒப்பம் வைக்கோணும் சேர். நாங்க படிக்கிற ஆக்கள் தானே," என்றான்.

ரவிகுமார் தானே போய் அளந்தார். பதினேழுதான், அதிலும் இரண்டு அங்குலம் குறைவு. குழிக்கு இடம் பார்த்தபோது அவர் நிரப்பிய படிவத்தில் கிணறு இருந்தது, ஆறு இருந்தது, குளம் இருந்தது. பீலி இல்லை. பீலியில் குளித்து, பீலியில் குடித்து, பீலியடியில் சண்டை பார்த்து வளர்ந்த மனிதனுக்கு அது தண்ணீர் எடுக்கும் இடம் என்பதே உறைக்கவில்லை. போதாததற்குப் பிள்ளைகளுக்கு முன்னால் குனிந்து குடித்தும் காட்டியிருந்தார்.

செய்தி ராஜலிங்கம் சேருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார். மறுநாள் பெற்றோர் வருகிறார்கள், மாவட்ட ஆணையாளர் வருகிறார், இருநூறு பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று கேட்டார். பிறகு ரவிகுமாரைத் தனியே கூப்பிட்டார். தாளை மடித்துப் பையில் போடு, பையன்களுக்கு வேறு இடம் ஒன்றைக் கொடு, அடுத்த வருசமும் உன் மேசை இருக்கும் என்றார். இந்தத் தடவை பரிசளிப்பு விழாக் குரல் இல்லை.

"ஒப்பம் வச்சா, மேசைய மறந்துரு ரவி."

ஏழு பேரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரவிகுமாருக்கு அந்த மேசைதான் வேண்டும். மூன்று வருசமாக அதற்காகத்தான் மானத்தை விட்டு ஈப்படத்தோடு உட்கார்ந்திருந்தார். ருஷ்தியிடமிருந்து தாளை வாங்கி, மேசைமேல் வைத்து, எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனையை மூடித் தாளை ருஷ்தியிடமே நீட்டினார்.

ருஷ்தி நோட்டீஸை ஒட்டினான். அன்று பின்னேரம் முழுவதும் பீ.எச்.ஐ. தானே மண்வெட்டி எடுத்துப் பீலிக்குத் தூரமாகப் புதுக்குழி வெட்டினார். இருநூறு பேரும் அவசரத்தோடு சுற்றி நின்று உற்சாகம் கொடுத்தார்கள். ஏழு பரிசோதகர்களும் நாடாவைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஆழம் காணாது என்று இரண்டு தடவை நிறுத்தினார்கள். கடைசி நாள் ஏழு பேருக்கும் சின்னம் கிடைத்தது. ராஜலிங்கம் சேர் சொன்னபடியே பட்டியலில் பொதுச் சுகாதாரத்தின்மேல் சிவப்புக் கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சர்மிளா, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து, பாடசாலை விடுமுறை முடிகிற நேரத்தில், மடவளையில் சுற்றுக்குப் போனார். மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். தெருவில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. மஹ்ரூப்பின் ஹோட்டல் கதவு பாதி இறங்கியிருந்தது. மஹ்ரூப் வெளியே ஒரு கதிரையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கதவில் கொப்பித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மாவு மூடைகள் நிலத்தில் வைக்கப்பட்டுள்ளன, அவற்றின்மேல் பூனை காணப்பட்டது, ஆகையால் ஹோட்டல் மூடப்படுகிறது, ஒப்பம் ருஷ்தி. ரவிகுமார் இரண்டு தடவை வாசித்தார். திருத்த ஒன்றும் இல்லை.

"சேர், நீங்க சீல் வச்சா ரெண்டு நாள்ல தொறக்கேலும். இவன் எப்ப தொறப்பான்டு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கோ," என்றார் மஹ்ரூப். "அவன்ட உம்மாவும் அவன் பக்கம்தான். எனக்கு ஊட்டுல சோறும் இல்ல."

ரவிகுமார் குனிந்து உள்ளே போனார். ருஷ்தி முகாம் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் சின்னம் தெரிய, மூடைகளை நிலத்திலிருந்து உயர்த்தி வைக்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் பூனை கட்டிப்போடப்பட்டிருந்தது. பீ.எச்.ஐ. ஒரு மூலை விடாமல் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் பார்த்தார். பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

பக்கத்து வீட்டிலிருந்து மஹ்ரூப் தேநீர் வரவழைத்திருந்தார். கடை மூடித்தானே இருக்கிறது, இப்போது குடிக்கலாம்தானே என்று கெஞ்சினார். ஒன்பது வருசத்துக்குப் பிறகு ரவிகுமார் மடவளையில் ஒரு கோப்பை தேநீரை வாங்கி, அவருக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, ஒரு மிடறு குடித்தார்.

"மூணு நாளாம் மஹ்ரூப் நானா," என்றார். "என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது."