சிவப்புப் பயறு போடாத சோறு

இதைக் கதை என்று சொன்னால் ஒக்-சிம் அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டாள். நடந்தது இது. தென்கொரியாவின் இஞ்சியோன் நகரத்தில், வடகொரியாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் அடுக்குமாடி வீட்டில், ஏழாவது மாடியில் நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அவள் கணவன் பெயர் மான்-தொக். தெற்கத்தி வானொலி கேட்டான் என்று யாரோ ஒரு புண்ணியவான் போட்டுக் கொடுக்க, இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போய் மலைக்கு நடுவே இருந்த அரசியல் கைதிகள் முகாமில் தள்ளினார்கள். அவன் நிலக்கரிச் சுரங்கத்தில். அவள் சோளக்காட்டில். எலி கிடைத்த நாள்தான் அங்கே விருந்து நாள். பல வருடம் கழித்து அவளை மட்டும் விட்டார்கள். அவனுக்கு விடுதலை என்ற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் லாரி ஏறியபோது, சுரங்கத்துக்குப் போகும் வரிசையில் அவன் நின்றிருந்தான். பேசினால் அடி விழும். இருந்தும் பேசினான்.

"என் பொறந்த நாளைக்குச் செவப்புப் பயறு போட்டுச் சோறாக்கு. எங்க இருந்தாலும் வந்துடுறேன்."

"வந்து கிழிச்சீங்க" என்றாள், அழுதுகொண்டே. துப்பாக்கிக் கட்டை அவன் முதுகில் விழுந்ததை லாரியிலிருந்து பார்த்தாள். அவனை அவள் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

எல்லை ஆற்றைக் கடந்து, சீனா வழியாகத் தெற்கே வந்து சேர்ந்தாள். அவன் இருக்கிறானா, போய்விட்டானா, சொல்ல ஆளில்லை. எல்லோரும் திவசம் கொடுக்கச் சொன்னார்கள். இறந்த நாள் தெரியாதவர்களுக்கென்று அங்கே ஒரு நாள் உண்டு, சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். அவள் கேட்கவில்லை. "உசுரோட இருக்கிற மனுசனுக்கா?" என்று சண்டைக்குப் போனாள். திவசம் கொடுத்தால் தன் கையாலேயே அவனைக் கொன்றதாகிவிடும் என்று பயந்தாள். அதனால் வருடா வருடம் பிறந்த நாள் விருந்துதான். கடற்பாசிச் சூப்பு, சிவப்புப் பயறு போட்ட சோறு, இரண்டு தட்டு.

முதல் வருடமே அது வந்தது.

பொழுது சாயும் நேரம். வெளி வராந்தாவில், ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு எரிந்தது. காலடிச் சத்தம். தட்... சர்ர்ர்... தட்... சர்ர்ர்... யாரோ ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். சத்தம் அவள் வாசலில் நின்றது. மணி அடிக்கவில்லை. கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். யாருமில்லை. ஆனால் விளக்கு மட்டும் அணையவே இல்லை. கதவிடுக்கில் கரிப்புழுதி வாசனை வந்தது.

அடுத்த வருடமும் அப்படியே. மான்-தொக் காலை இழுத்து நடப்பவன் இல்லை. யாரோ, என்னவோ என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாவது வருடம், விருந்துக்கு மறுநாள், மிச்சத்தை அவள் மேசையில் வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு சோயோன் அம்மா வந்தாள்.

"அக்கா, நேத்து உங்க வாசல்ல நின்னாரே, யாரு அந்தாளு?"

"எந்தாளு?"

"ஒல்லியா... மூஞ்சியெல்லாம் கரி. உங்க கதவப் பாத்து இடுப்ப வளைச்சுக் குனிஞ்சே நின்னாரு. உள்ள போங்களேன்னு சொன்னேன். நிமிரவே இல்ல."

"அவருதான்... என் வீட்டுக்காரரு" என்றாள் ஒக்-சிம். முகாமில் காவலாளி முன்னால் கைதி அப்படித்தான் நிற்க வேண்டும். சொல்லும்வரை நிமிரக் கூடாது.

சோயோன் அம்மா சோற்றைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"செவப்புப் பயறா போட்டீங்க? பேய வெரட்டத்தானேக்கா அத வாசல்ல தெளிப்போம்? அவரு எப்படி உள்ள வருவாரு?"

ஒக்-சிம் அந்தச் சோற்றுத் தட்டை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். பசியோடு வந்தவனை மூன்று வருடமாக வாசலோடு விரட்டியிருக்கிறாள். அவன் செத்துப்போனான் என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள். அன்று முழுக்க அழுதாள்.

அந்த வருடம் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் திவசம் கொடுத்தாள். பயறில்லாத வெள்ளைச் சோறு. முள்ளங்கி போட்ட இறைச்சிச் சூப்பு. காய்ந்த மீன், ஒரு கிண்ணம் சாராயம். படம் கிடையாது, கைதான அன்றே பறித்துவிட்டார்கள். காகிதத்தில் பெயரை எழுதிச் சாய்த்து வைத்தாள். வாசல் கதவைத் திறந்துவிட்டாள். சோற்றில் கரண்டியை நட்டுவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இறந்தவர் சாப்பிடும்போது யாரும் கூட இருக்கக் கூடாது. ஒன்பது வாய் சாப்பிடும் நேரம் பொறுத்து, இருமிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். முறை அது.

வெளியே இருட்டத் தொடங்கியது.

தட்... சர்ர்ர்... தட்... சர்ர்ர்...

இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்தது.

ணங்... கரண்டி கிண்ணத்தில் பட்டது.

மெல்லும் சத்தம். அவசர அவசரமாக... யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல...

அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

சத்தம் நின்றது.

"ஒக்-சிம்..."

அவன் குரலேதான்.

"ஒக்-சிம், வா... சேந்து சாப்பிடலாம்."

கை கதவுப் பிடிக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. பயம் பாதி, முறை பாதி. திறக்கவில்லை.

இருமிவிட்டு வந்து பார்த்தபோது சோறு ஒரு பருக்கை குறையவில்லை. ஆவி பறக்க வைத்த சோறு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது.

அதன் பிறகு காலடிச் சத்தம் கேட்கவே இல்லை. போகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அவளுக்கும் கொஞ்சம் நிம்மதி.

மறு வருடம் வசந்தத்தில் கில்-சு என்ற ஒருவன் அவளைத் தேடி வந்தான். அதே முகாமில், மான்-தொக்கின் குடிசையில் கிடந்தவன். கைதிகளை வேறு மலைக்கு மாற்றும்போது லாரியிலிருந்து குதித்துத் தப்பியவன்.

"அண்ணன் தவறிட்டாரு, அண்ணி."

"தெரியும்ப்பா. எந்த வருசம்?"

"போன வருசந்தான். கட்சி ஆரம்பிச்ச நாளன்னிக்கு, அக்டோபர் பத்து, விடியக்காலைல."

அவள் மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். போன வருடம் அந்த ஒன்பதாம் நாள், கட்சி நாளுக்கு முந்தின நாள்தான் வந்தது.

"அதுவரைக்கும்... உசுரோடயா இருந்தாரு?"

"இருந்தாரே. நீங்க போன கொஞ்ச நாள்லயே பாறை விழுந்து ஒரு கால் நசுங்கிருச்சு. இழுத்துக்கிட்டே நடப்பாரு. ஆனா ஆளு தெம்பாத்தான் இருந்தாரு."

அவனே தொடர்ந்தான்.

"முந்தின நாள் பொழுது சாயுறப்ப சோளக்கஞ்சி வந்துச்சு. அவரு பங்க எங்கிட்டத் தள்ளிட்டாரு. 'நீ குடிடா. எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு. இப்பத்தான் வீட்டுல வெள்ளச் சோறு தின்னேன்'னாரு. பசியில புத்தி பேதலிச்சிருச்சுன்னு நெனச்சோம்... எல்லாரும் சிரிச்சோம், அண்ணி."

கில்-சு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"ஒரே ஒரு கொறைதான் அவருக்கு. 'கதவுக்குப் பின்னாடிதான் நின்னா. அழுற சத்தம் கேட்டுச்சு. சேந்து சாப்பிடக் கூப்பிட்டேன்டா... வரவே இல்ல'ன்னு... அதையே சொல்லிக்கிட்டுப் படுத்தாரு."