பட்டி பார்த்த சுவர்

முப்பது வருஷம் அடுத்தவர் வீடுகளுக்கு வர்ணம் அடித்தவர், ஐம்பத்தெட்டாவது வயதில் தனக்கென்று ஒரு பழைய வீட்டை வாங்கினார். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. இடது தோள் தூக்க வரவில்லை. இனி ஏணி சோறு போடாது. இந்த வீடுதான் போட வேண்டும்.

வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். பின்னறைச் சுவரைத் தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. “எவனோ கை தேர்ந்தவன் பட்டி பாத்திருக்கான்” என்றார் தரகரிடம். அந்தச் சுவரை நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்.

முதல் மழைக்கே அதில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. தகட்டால் சுரண்டினார். வர்ணத்துக்கு அடியில் பூசியிருந்த பட்டி மாவு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே விரல் நுழையும் விரிசல், கை எட்டுகிற உயரத்தையும் தாண்டி.

அடிப்பூச்சில் தகடு இழுத்த தடங்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்படி இழுக்கிறவர் அவர் அறிய ஒருவர்தான். இடது கைக்காரர் என்பதால் கூட வேலை செய்தவர்கள் இவரைக் கூப்பிட்டதே ‘பீச்சாங்கை’ என்றுதான்.

எப்போதோ பின்வாசல் வழியாக வந்து, “விக்கிற வீடு, மூடி விடுப்பா” என்ற குரலுக்கு மூடிவிட்டுப் போன வேலை. அப்படி எத்தனையோ வீடுகள். இது நினைவிலேயே இல்லை.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவ்வளவு சுத்தமான வேலை. உங்களையே ஏமாத்திடுச்சு பாருங்க.” பிறகு சிரிப்பு அடங்கியது. “நாளைக்கு அந்த நர்ஸ் பொண்ணு வீடு பாக்க வருது. இன்னொரு தடவ மூடிடுங்க. ஒரு வருஷம் தாங்கும்ல?”

“தாங்கும்.”

“அப்புறம் என்ன?”

“கைக்குழந்தைக்காரி. கட்டில் போட இந்தச் சுவர் ஓரந்தான் இடம் இருக்கு.”

பழக்கத்தில் கை பட்டியைக் குழைத்துவிட்டது. பூசவில்லை. டப்பாவிலேயே இறுகிப் போயிற்று.

மறுநாள் காலை அந்தப் பெண் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“கொத்தனார வரச் சொல்லியிருக்கேம்மா. மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் வேற இடம் பாத்துக்கோங்க.”

“வாங்குறப்ப நீங்க கவனிக்கலையாங்க?”

“கவனிச்சேன். நல்லாத்தான் பூசியிருந்தான்.”

அவள் போன பிறகு மனைவி கேட்டாள், “மூணு மாசத்துக்கு?”

“கதவு, ஜன்னல்னு தரையில நின்னு அடிக்கிற வேலை இருக்கும். கேட்டுப் பாக்கறேன்.”

ஏணியைச் சாத்தினார். விரிசலின் மேல்முனை இன்னும் மூடிக் கிடந்தது. அதையும் சுரண்ட, தகட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.