முன்னால் போட்ட இரண்டு டயர்கள்

மேடம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் பின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நகம் இறங்கவில்லை. "கல்லு மாதிரி ஆயிட்ச்சி பாருங்க" என்றார். நான் வழக்கம்போல் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "பட்டன் நல்லாத்தானே கீது மேடம், இன்னும் ரொம்ப நாளு ஓடும்." டயரின் மேல்வரிகளைத்தான் நாங்கள் பட்டன் என்போம். வரி தேயாதவரை டயர் புதுசு என்பது லாரிக்காரர்களின் கணக்கு. வெயிலில் நின்று நின்று ரப்பரே இறுகிப்போகும், மழையில் அது வழுக்கும் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அது இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் வாகனப் பொறுப்பாளன். பதினான்கு லாரிகள் என் கையில். முதலாளி மாரடைப்பில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் ஆசைப்பட்டு வரவழைத்த கார் அது. இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டிய உடம்பு, கருநீலம். முடுக்கினால் பின் சக்கரங்கள்தான் தள்ளும். அவர் அதை ஓட்டியது சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். அவர் போன பிறகு அவர் மனைவியான மேடம் பொன்னேரியிலிருந்து தினமும் அதைத் தானே ஓட்டிக்கொண்டு ஆலைக்கு வரத் தொடங்கினார். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை மட்டும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காலை சங்கு ஊதுமுன் கார் உள்ளே வந்துவிடும். உலைப் பக்கம், கம்பி அடுக்கும் பக்கம் என்று ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் அறைக்குப் போவார். பேச்சுத்துணைக்கு அங்கே அவருக்கு யாரும் இல்லை. எங்களுக்கோ அவரிடம் என்ன பேசுவதென்றே தெரியாது.

இது முதலாளியின் தம்பிக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சின்ன முதலாளி என்போம். அண்ணி வீட்டில் இருந்தால் போதும், கையெழுத்துக்குக் காகிதம் வீடு தேடி வரும் என்பது அவர் எண்ணம். அதை நேராகச் சொல்ல முடியாமல் காரின் மேல் ஏற்றிச் சொல்வார். ஐப்பசியின் முதல் மழையில், நெடுஞ்சாலையில் பிரேக் அடித்தபோது கார் இரண்டு முழம் வழுக்கிவிட்டது. எப்படியோ அது அவர் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் காலைதான் மேடம் அந்த டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தது.

சென்னையில் அந்த மாதிரி கார்களுக்கு டயர் விற்கும் கடைக்கு என்னை அனுப்பினார். அதே அளவில் இரண்டு வகை இருந்தது. ஒன்று கெட்டி ரப்பர், வருடக்கணக்கில் உழைக்கும். இன்னொன்று மெத்தென்று இருந்தது. தண்ணீரை வாரி வெளியே தள்ள ஆழமான வாய்க்கால்கள் வெட்டியிருந்தார்கள், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். என் லாரி மனசு கெட்டியானதில்தான் போய் நின்றது. கடையிலிருந்தே போன் செய்தேன்.

"மழையில நிக்கிறது எது?"

"மெத்துனு இருக்கறதுதான் மேடம். ஆனா சீக்கிரம் தேஞ்சிடும்."

"தேயட்டும். அதையே வாங்கியாந்துடுங்க."

அதில் இரண்டுதான் கையிருப்பு. மற்ற இரண்டும் வர பதினைந்து நாளாகும் என்றார்கள். நாலும் வரட்டுமே, அதுவரை ஆபீஸ் காரில் வாருங்கள் என்றேன். மேடம் கேட்கவில்லை. "கார ஊட்ல நிறுத்துனா அப்பறம் எடுக்க உட மாட்டாங்க சார். ரெண்டையாவது போட்டுடுங்க" என்றார்.

எங்கள் லாரிகளுக்கு வழக்கமாகப் போடும் நெடுஞ்சாலைக் கடைக்கே காரை எடுத்துப்போனேன். கடைக்காரரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும். சின்னக் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

"முன்னாடிதான். இது கூடவா கேக்கணும்?" என்றேன்.

லாரியில் அதுதான் முறை. புது டயர் எப்போதும் ஸ்டியரிங் பக்கம். பழையதும் ரப்பர் ஒட்டிப் புதுப்பித்ததும் பின்னால். முன் டயர் வெடித்தால் வண்டி கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து பழகிய புத்தி அது. நைனாவும் தலையாட்டிக்கொண்டு முன்னால் போட்டார்.

அடுத்த ஒன்பது நாளும் மேடத்தின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. "ரோடு கைக்குத் தெரியிது சார். திருப்புன உடனே திரும்புது" என்றார் ஒருநாள். எங்கள் தொழிற்பேட்டைச் சாலையெல்லாம் லாரிகளிலிருந்து சிந்திய இரும்புத் துருவல். மெத்தென்ற ரப்பரில் அது ஊசிபோல் ஏறிவிடும். சாயங்காலம் கிளம்புமுன் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து குறடால் துருவலைப் பிடுங்குவோம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அவர் வேகமாக ஓட்டும்போது பக்கத்தில் இவர் கண்ணை மூடிக்கொள்வாராம். "இப்ப கண்ண மூட முடியாது பாருங்க" என்று சிரித்தார். அந்த ஐந்து நிமிடத்துக்காக நானும் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பத்தாம் நாள் விடிந்ததிலிருந்தே அடைமழை. நெடுஞ்சாலையிலிருந்து பேட்டைக்குத் திரும்பும் வளைவில் முன் சக்கரங்கள் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பின. பின்பக்கம் கேட்கவில்லை. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வால்பக்கமாக ஓடைப்பள்ளத்தில் இறங்கி நின்றது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது மேடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை. "நா மெதுவாத்தான் வந்தேன்" என்றார். அதையே மறுபடியும் சொன்னார்.

அன்று பகலிலேயே சின்ன முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும், "போதும் அண்ணி. உங்களுக்கு ஒண்ணுன்னா அண்ணனுக்கு நா இன்னா பதில் சொல்றது?" என்று சாவியை வாங்கித் தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார். அக்கறையாகத்தான் சொன்னார். அதனால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

மற்ற இரண்டு டயர்களையும் எடுக்க மறுவாரம் சென்னைக்குப் போனேன். கடையில் இருந்தவர் பில் போட்டுக்கொண்டே, "மொதல்ல வாங்குனத பின்னாடிதானே போட்டீங்க? இந்தக் காருக்கு முன்னாடி மட்டும் புதுசு போட்டா மழையில பின்பக்கம் சுத்திடும்" என்றார். நான் பணத்தை எண்ணத் தொடங்கினேன். "ஆமா, பின்னாடிதான்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் மேடத்திடம் சொல்லிவிடுவதென்றுதான் இருந்தேன். ஆலை வாசலைக் கண்டதும் வேலை போய்விடுமே என்ற பயம் வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாலு புது டயரோடு கார் தார்ப்பாய்க்குள் நின்றது. மேடம் ஆபீஸ் காரின் பின்னிருக்கையில் பதினோரு மணிக்கு வரத் தொடங்கினார். பிறகு வாரத்தில் மூன்று நாள். பிறகு காகிதங்கள் பொன்னேரிக்குப் போகத் தொடங்கின. காரை விற்ற அன்று மட்டும் வந்தார். வாங்கியவர் ஓட்டிப் போனதும், வெறும் தரையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்: "நீங்களாவது நெசத்த சொல்லுங்க சார். நா தப்பா ஓட்டிட்டேனா?"

"மழை மேடம்" என்றேன். அவர் வாய்க்கு வந்ததெல்லாம் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. "மழை எல்லாருக்குந்தான் பேஞ்சிது" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, வாசலில் தனியாக, டிரைவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மழை. கையில் கார் சாவியோடு நின்ற என் மகளை அறிமுகப்படுத்தினேன். புது வண்டி வாங்கியிருக்கிறாள், அவள்தான் என்னை ஓட்டிவந்தாள் என்று பெருமையாகச் சொன்னேன். மேடம் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"மழையில மட்டும் எடுக்காதம்மா. நம்மளுக்கெல்லாம் அது வராது."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க ஆன்ட்டி" என்றாள். மேடத்தின் கார் வரும்வரை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். சொல்வதற்கு அது போதுமான நேரம்.