விழுந்தால்தான் நோயா?

என் வீட்டுக்காரருக்கு பார்க்கின்சன் வந்து ஏழு வருடம் ஆகிறது. நாங்கள் இருப்பது கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டில். இந்த ஏழு வருடத்தில் அவரை ஒன்பது முறை வார்டில் போட்டிருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விழுந்த மனுஷனை உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், இதைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு சிரம்பான் நரம்பு கிளினிக்கில் உடைந்தது. பக்கத்து நாற்காலியில் நீலாயிலிருந்து வந்த ஓர் அம்மா. அவர் கணவருக்கும் அதே நோய், ஏறக்குறைய அதே வருடங்கள்.

"எத்தன தடவ வார்டுல போட்டாங்க?" என்று கேட்டேன்.

"வார்டா? ஒரு தடவகூட இல்லலா. நடை கொஞ்சம் மாறினா அன்னிக்கே இந்த கிளினிக் நர்ஸு மிஸ்ஸிக்கு போன் போட்டுருவேன். வரச்சொல்லி மருந்த மாத்துவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு கோபம் வந்தது. அவர்களுக்கு ரயில் இருக்கிறது. எங்களுக்கோ பக்கத்து வீட்டு வேன் சும்மா நின்றால்தான் மலை இறங்க முடியும். அது நியாயமான கோபம்தான், இன்றும் இருக்கிறது. ஆனால் தப்பு முழுக்க ரோட்டின் மேல் இல்லை.

எஸ்டேட்டில் நோய் என்றால் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதுதான். என் வீட்டுக்காரர் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்க முடிந்த எவனுக்கும் லீவு கொடுத்ததில்லை. அதே சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டார். கால் இறுகினால் சொல்ல மாட்டார். நடுக்கம் தாங்காத அன்றைக்குத்தான் மாத்திரை; மிச்சத்தை மைலோ டின்னில் சேர்த்து வைப்பார். சிக்கனமான மனுஷன் என்று நானும் விட்டுவிட்டேன். மாத்திரை போடாத நாட்களில்தான் விழுந்திருக்கிறார்.

அன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நடுங்கினாலும் நடுங்காவிட்டாலும் நேரத்துக்குப் போட வேண்டும் என்றார். மிஸ்ஸியிடம் கேட்டேன்: "அவ்வளவு தூரத்திலேருந்து நாங்க கூப்பிட்டாலும் எடுப்பீங்களா?"

"எடுப்போம்மா. விழுறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க."

அன்றிலிருந்து என் போனில் மூன்று அலாரம். அவர் முறைத்தார், திட்டினார், ஒருமுறை மாத்திரையைத் துப்பினார். நான் விடவில்லை. காலை இழுத்து நடந்தால் போன் போட்டேன். அவர்கள் இரண்டு முறை மருந்தை மாற்றினார்கள். எட்டு மாதம் வார்டுப் பக்கமே போகவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி, "இப்பல்லாம் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போறதில்லையே, கைவிட்டுட்டியா?" என்று கேட்டாள். அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

பகலில் அவர் நடந்தார். ஆனால் படுத்தால் தானாகப் புரள முடியாது. ராத்திரி முழுக்க நான்தான் அடிக்கடி எழுந்து புரட்ட வேண்டும். போன வாரம் சோறு வடிக்கும்போது தூக்கமில்லாமல் தலை சுற்றி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் வார்டுல போய் படுத்துக்கவா?"

"எதுக்கு? விழுந்தீங்களா?"

"இல்ல. ஆம்பள வார்டுல உன்ன இருக்க விடமாட்டாங்க. நீ வீட்டுல தூங்குவ."

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதேன். அந்த ஒன்பது முறையும் அவரை அங்கே விட்டுவிட்டு வந்து நான் நன்றாகத் தூங்கியது உண்மைதான். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு கிளினிக்குக்கு போன் போட்டேன்.

"மிஸ்ஸி, அவரு நல்லா இருக்காரு. நான்தான் விழுந்துருவேன் போல. என்ன செய்யலாம்?"