உடும்பும் இகுவானாவும் இருந்த வீடு

சரோஜினிதேவி அக்கா பப்பாசிப் பழத்தை எப்போதும் இரண்டு தட்டில்தான் வெட்டி வைப்பார். ஒன்று இகுவானா என்ற வெளிநாட்டுப் பச்சைப் பல்லிக்கு, மற்றது உடும்புக்கு. உடும்பு பப்பாசி தின்னாது, அதற்கு முட்டையும் இறைச்சித் துண்டும் வேண்டும். இது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதற்கு வைக்காமல் இருக்க அவரால் முடியாது. அந்த வீட்டில் நான் இருந்த முதல் மூன்று வருடமும் இதைப் பார்த்தேன். இகுவானா தன் தட்டை முடித்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போய், உடும்பின் பக்கத்திலிருக்கும் தட்டையும் முடிக்கும். பிறகு அங்கேயே, உடும்பின் முதுகில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அந்த வீடு. அக்கா இரத்மலானையில் ஒரு தொழிற்சாலைக் கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்தார். எழுபத்தொன்பதில் கொக்குவிலிலிருந்து தனியாக வந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் இரத்மலானை விமான நிலைய முகாமில் பதினாறு நாள் இருந்தார். அங்கிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போன பலர் திரும்பவில்லை. அக்காவும் போனார், ஆனால் நான்காம் மாதம் திரும்பி வந்து கந்தோரில் அதே கதிரையில் இருந்தார். கலியாணம் பேசி வந்தவர்களுக்கு "பிறகு பாப்பம்" என்று சொல்லிச் சொல்லியே வயது ஐம்பதாகிவிட்டது.

உடும்பு அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. மதில் ஓரத்தில் பிடித்து வாலைக் கழுத்தோடு கட்டிக் கறிக்கு வைத்திருந்தார்களாம். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கண்டு, வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வந்துவிட்டார். தம்பையா என்று பெயர் வைத்தார். இகுவானாவைத் தந்தவர் காலி வீதியில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்த ஸமீம். யாரோ வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துவிட்டு, பிறகு வேண்டாமென்று கடையில் விட்டுப் போன பிராணி. அது ராசாத்தி.

நான் தொண்ணூற்றாறில் சாவகச்சேரியிலிருந்து வந்து பின் அறையில் வாடகைக்கு இருந்து தையல் தைத்தேன். முன் அறையில் கனடா விசாவுக்குக் காத்திருந்த சிவக்கொழுந்து அண்ணை. அவர் முற்றத்துக்கு வரும்போதெல்லாம் இடுப்பு வலியில் நாரியைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

"சரோ, நாரிப் பிடிப்புக்கு உடும்பு இறைச்சிதான் மருந்து. முழுக்க வேண்டாம், வாலில ஒரு துண்டு காணும்."

"உங்கட விசா வரமுதல் உங்களைக் கறியாக்கிப் போடுவன், பொறுங்கோ" என்பார் அக்கா.

அந்த யுத்த நாளில் கொழும்புத் தமிழர் வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் எழுதிப் பொலிசில் முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் வில்லங்கம். தொண்ணூற்றொன்பதில் பக்கத்து வீட்டுக்கு ஓரிரவு தங்க வந்த மருமகளை, பெயர் இல்லையென்று கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் படிவம் வந்தது. அக்கா இரவுச் சாப்பாட்டை மறந்து அதை நிரப்பினார். 'வீட்டில் இருக்கும் வேறு எவரும்' என்று கீழே ஒரு பகுதி இருந்தது. ஒன்றையும் ஒளிக்கக்கூடாது என்ற பயத்தில், அதில் நான்காவதாகத் தம்பையா, ஐந்தாவதாக ராசாத்தி என்று சிங்களத்தில் வடிவாக எழுதினார். அடையாள அட்டை இலக்கத்துக்கு நேரே ஒரு கோடு. எங்களிடம் காட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு பொலிஸ் சார்ஜன்டும் ஒரு இளம் கொஸ்தாப்பலும் வந்தார்கள். அக்கா, அண்ணை, நான் மூவரும் அடையாள அட்டையோடு வரிசையாக நின்றோம். சார்ஜன்ட் எங்களை எண்ணினார். தாளைப் பார்த்தார். திரும்பவும் எண்ணினார்.

"தம்பையா கோ?" எங்கே என்றார்.

"இன்னவா மாத்தயா", இருக்கிறான் ஐயா, என்று அக்கா பின்பக்கம் கையைக் காட்டினார்.

கொஸ்தாப்பலின் கை தோளில் தொங்கிய துவக்குக்குப் போனது. வெளியே வரச் சொல் என்றார். கூப்பிட்டால் வரமாட்டான், வெயிலில் படுத்திருக்கிறான் என்று அக்கா சிங்களத்தில் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணைக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் வெளிறிப்போய், "ஆரடி தம்பையா?" என்று என்னிடம் கேட்டார்.

பின்முற்றத்தில் தம்பையா கல்லில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். அவன் மேல் தாடையை வைத்தபடி ராசாத்தி. சார்ஜன்ட் அவற்றைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், உடுப்புத் தோய்க்கும் கல்லில் அமர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஸ்தாப்பல் சிரிக்கவில்லை. உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, வீட்டில் வளர்க்க முடியாது, இங்கே நீயே கையெழுத்துப் போட்டு எழுதித் தந்திருக்கிறாய் என்றார். மற்றது வெளிநாட்டுப் பிராணி, அதைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்த சனிக்கிழமை வருவார்கள். அதற்குள் உடும்பை விட்டுவிட வேண்டும், பட்டியலைத் திருத்தி எழுத வேண்டும். அதுவரை முத்திரை இல்லை. முத்திரை இல்லாவிட்டால் அண்ணைக்கும் எனக்கும் ஒழுங்கை முனை வரை போவதும் கஷ்டம்.

அவர்கள் போனபின் அண்ணைக்கு நாக்கு வந்தது. "உலகத்தில ஆரெண்டாலும் உடும்பைப் பொலிசில பதிவினமே!"

அக்கா கேட்கவில்லை. முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் எங்கயும் பிழைச்சுக்கொள்வான். அவள் சாப்பிடாமக் கிடந்து செத்துப் போவாள். கொட்டாஞ்சேனையில எனக்குத் தெரிஞ்ச வீடொண்டு இருக்கு. ரெண்டையும் அங்க கொண்டுபோய் வைப்பம்."

"எப்பிடி, பஸ்ஸிலயோ? செக்பொயின்ற்றில பையைத் திறக்கேக்க அவர் வாலை ஆட்டிக் குட்மோர்னிங் சொல்லுவார்."

"சிரியுங்கோ."

அக்கா பகிடிக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமையே கந்தோரிலிருந்து வரும்போது சிப் வைத்த பெரிய பை ஒன்று வாங்கி வந்தார். அன்று பின்னேரம் ஸமீமும் வந்தார்.

"மிஸ், இதுகளுக்குப் பாசம் ஒண்டும் இல்ல. சூட்டுக்குத்தான் ஒண்டுக்கு மேல ஒண்டு படுக்குது. மேல படுக்கிறதுக்கு வெயில் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான்."

"நீங்கள் மீன் விக்கிறனீங்கள். உங்களுக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா இதுகளோடதான் ஈக்கிறேன் மிஸ். வீட்டுல பொண்டாட்டியோடயும் அவ்வளவு நேரம் இருந்ததில்ல."

இருவரும் சொன்னது எனக்குப் போதவில்லை. அக்கா வேலைக்குப் போனபின் முற்றம் முழுநாளும் என் கண்முன்தான். சூடோ பாசமோ, பார்த்தால் தெரியாதா? சூடுதான் என்று தெரிந்தால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவரும் சோதனைச் சாவடியில் நிற்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது தட்டை உடும்பின் பக்கத்தில் வைக்காமல் முற்றத்தின் மறு மூலையில் வைத்தேன். ராசாத்தி அங்கேதான் போனாள். தின்று முடித்து அங்கேயே கண்ணை மூடினாள். அவள் தேடியது பழத்தைத்தான் என்று நினைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தம்பையா தன் கல்லில் இல்லை. மறு மூலையில் அவளுடைய தாடைக்குக் கீழே போய்ப் படுத்திருந்தான்.

அங்கே வெயில் கூட இருந்திருக்கலாம். புதன்கிழமை வானம் மூட்டம். இரண்டு செங்கல்லை அடுப்பில் காய்ச்சி, சாக்கில் சுற்றி, ஒன்றைத் தம்பையாவின் கல்லடியிலும் மற்றதைப் பழத்தட்டோடு மூலையிலும் வைத்தேன். ராசாத்தி மூலைக்குப் போனாள். தம்பையாவுக்குச் சூடு பக்கத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி நீட்டி இருந்துவிட்டு, அதை விட்டு எழும்பி அவளிடம் போனான். வியாழக்கிழமை ராசாத்தியைத் தூக்கிக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் அரிசி மூட்டை மேல் ஏறி நித்திரையானாள். தம்பையா மதிலோரமாக முற்றத்தை மூன்று தரம் சுற்றினான். பிறகு குசினிக் கதவடியில் வந்து, கீழ் இடுக்கால் நாக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். மூன்று வருடமும் நான் தவறான பிராணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பின்னேரம் அக்கா செருப்பைக் கழற்றுமுன் சொன்னேன். "அக்கா, ராசாத்தி அவனிட்டப் போறேல்ல. அவன்தான் அவளிட்டப் போறான்."

"என்ன விசர்க்கதை பிள்ளை?"

சொல்லி விளக்க எனக்கு வராது. வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டார். நான் எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அவர் வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தம்பையா கதவடியில் வந்து நின்றபோது அக்கா எழும்பி அவனருகில் போய்க் குந்தினார்.

"அப்ப அவள் உயிரோட இருப்பாள்."

"ஓம் அக்கா."

"அவன்?"

"தெரியாது அக்கா."

கொட்டாஞ்சேனைக் கதையை விட்டுவிட்டு, பட்டியலை அன்றே எங்கள் மூன்று பெயரோடு திருத்தி எழுதினார். பின்னேரம் இருவரும் ஓட்டோ பிடித்து, வாங்கிய அந்தப் பையில் தம்பையாவை வைத்து, கால்வாய்க் கரையில் வீடுகள் முடிந்து பற்றை தொடங்கும் இடத்துக்குப் போனோம். பையைத் திறந்தும் அவன் வெளியே வரவில்லை. பையைச் சரித்தோம். மண்ணில் இறங்கி, திரும்பி, பையின் உட்பக்கத்தை நாக்கால் பார்த்தான். பதினைந்து நிமிடம் அப்படியே நின்றான். "போ அப்பு" என்றார் அக்கா. பற்றைக்குள் ஏதோ அசைந்தது. ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தால் ராசாத்தி தட்டைத் துடைத்த மாதிரித் தின்று முடித்திருந்தாள். "வெக்கமில்லாதவள்!" என்று அக்கா அவளை ஏசினார். ஏசிவிட்டு அழுதார். அண்ணை அன்று நாரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை சார்ஜன்ட் முத்திரையைக் குத்திவிட்டு, "தம்பையா?" என்று கேட்டார். "கியா" என்றார் அக்கா. போய்விட்டான்.

அது நடந்து ஆறு வருடம். அண்ணை கனடா போய்விட்டார். அக்கா போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், நான் இன்னும் பின் அறையில்தான். கால்வாய்க் கரையில் இரண்டு தரம் உடும்பு கண்டோம், எந்த உடும்பென்று எங்களுக்குத் தெரியவில்லை. ராசாத்தி நன்றாக இருக்கிறாள், நாலரை அடி நீளம், முற்றத்தில் எங்கே வெயில் விழுகிறதோ அங்கே தனியாகப் படுக்கிறாள்.